மணிக்கட்டில் ஏறிய கருவி: தேவையா, ஆசையா?

தோற்றுவாய்

பொழுதைக் காட்டுவது மட்டுமே கைக்கடிகாரத்தின் பணி என்றிருந்த நிலை மாறிவிட்டது. கடைவீதியில் 'ஸ்மார்ட் வாட்ச்' என்றும் ஏடுகளில் 'திறன் கடிகாரம்' என்றும் வழங்கும் புதுக் கருவி, நடந்த அடிகளை எண்ணுகின்றது; நாடித்துடிப்பைச் சொல்கின்றது; உறங்கிய நேரத்தைக் கணக்கிடுகின்றது; கைப்பேசிக்கு வரும் செய்திகளை மணிக்கட்டிலேயே அறிவிக்கின்றது. ஐ.டி.சி. என்னும் சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட திறன் கடிகாரங்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. மறு ஆண்டில் அத்தொகை மூன்றரைக் கோடி அளவிற்கு இறங்கியது. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஒரு பொருளை, 'இன்றியமையாதது' என்னும் சொல்லால் சுட்டுதல் தகுமா என்னும் ஐயம் இயல்பாகவே எழுகின்றது.

நம் கல்லூரி மாணவர் பலருடைய கைகளில் இன்று இக்கருவி உள்ளது. வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வரும் மகன், ஊரிலிருக்கும் வாப்பாவுக்கு வாங்கிவரும் அன்பளிப்புகளிலும் அது இடம்பெற்றுவிட்டது. எனவே இதனைப் புகழ்வதோ இகழ்வதோ நம் நோக்கமன்று. இது என்ன செய்கின்றது, எதைச் செய்ய இயலாது, யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டா என்பவற்றை நிதானமாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொழுதறிந்த மரபு

பொழுதை அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகவும் நாளினைச் சிறுபொழுதுகளாகவும் பகுத்துக் கண்டது நம் இலக்கண மரபு. நாள் ஒன்றுக்கு அறுபது நாழிகை, நாழிகை ஒன்றுக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடம் என்பது நம் முன்னோர் கொண்ட அளவை. முல்லைப்பாட்டு காட்டும் பாசறையில், நீர்க்கடிகையைப் பார்த்துப் பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிப்போர் இருந்தனர். வள்ளுவரோ 'காலமறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார்.

இஸ்லாமிய நாகரிகத்திலும் இவ்வாறே. ஐவேளைத் தொழுகைக்கு நேரம் குறிக்க வேண்டியிருந்ததால், வானியலும் கடிகாரக் கலையும் பள்ளிவாசல்களின் நிழலிலே வளர்ந்தன. 1206ஆம் ஆண்டு அளவில் தம் நூலை முடித்த அல்ஜஸரி, நீரால் இயங்கும் பலவகைக் கடிகாரங்களின் அமைப்பைப் படங்களுடன் விளக்கினார். திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக விளங்கிய இப்னு ஷாத்திர், 1371ஆம் ஆண்டில் அங்குப் பெரியதொரு நிழற்கடிகையை அமைத்தார்.

இவ்விரு மரபுகளிலும் நாம் காண்பது ஒன்று. முதலில் தேவை பிறந்தது. அத்தேவையை நிறைவு செய்யக் கருவி பிறந்தது. கைக்கடிகாரத்தின் வரலாறும் இதுவே. சட்டைப்பையில் கிடந்த கடிகாரத்தை எடுத்துப் பார்க்கக் கை ஒழியாத முதல் உலகப்போர் வீரர்களாலேயே மணிக்கட்டுக் கடிகாரம் ஆடவரிடையே பரவியது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு ஜப்பானியரின் கூட்டுறவுடன் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் கடிகாரம் செய்யத் தொடங்கியதும், பின்னர் 1984ஆம் ஆண்டு டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்து ஓசூரில் ஆலை கண்டதும், நேரம் பார்க்க மக்களுக்குக் கடிகாரம் வேண்டியிருந்தது என்னும் தெளிவான தேவையின் பயனே.

தேவையைத் தேடிய கருவி

திறன் கடிகாரத்தின் வரலாறு இதற்கு மாறானது. சாம்சங் நிறுவனம் 2013ஆம் ஆண்டிலும், ஆப்பிள் நிறுவனம் 2015ஆம் ஆண்டிலும் தத்தம் கடிகாரங்களை விற்பனைக்குக் கொணர்ந்தன. தொடக்கத்தில் அவை கைப்பேசியின் துணையாகவும் நாகரிக அணியாகவுமே முன்வைக்கப்பட்டன. 2015இல் ஆப்பிள் நிறுவனம் பொன்னால் செய்த வகையொன்றைப் பத்தாயிரம் டாலருக்கும் மேலான விலையில் விற்றது. மறு ஆண்டே அவ்வகை கைவிடப்பட்டது. பின்னரே உடல்நலம் என்னும் வாயில் திறந்தது. 2018ஆம் ஆண்டு வந்த கடிகாரத்தில் இதய மின்னலை வரைவும், கீழே விழுந்தால் உணர்ந்து அறிவிக்கும் வசதியும் சேர்ந்தன. கருவி முன்னே வந்து, அதற்குரிய தேவை பின்னே தேடப்பட்டது என்பதை இது காட்டுகின்றது. பின்னே கண்ட தேவை பொய்யான தேவையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எனினும் அது எவ்வளவு உண்மையானது என்று உசாவும் உரிமை வாங்குவோர்க்கு உண்டு.

செயற்படும் முறை

கடிகாரத்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சை ஒளி மின்னுவதைக் காணலாம். குருதி சிவப்பாதலின் பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் குருதி பெருகும். மீளும் ஒளி குறையும். துடிப்பு தாழும்போது மீளும் ஒளி மிகும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே நாடித்துடிப்பு கணிக்கப்படுகின்றது. கையின் அசைவை உணரும் சிறு சில்லு ஒன்று அடிகளை எண்ணுகின்றது.

ஆக, கடிகாரம் நேராக அறிவன இரண்டே: ஒளியின் மாற்றம், கையின் அசைவு. துடிப்பும் அடியும் இவற்றிற்கு மிக நெருங்கியவை. ஆதலால் அவை பெரும்பாலும் சரியாகவே அமைகின்றன. உறக்கத்தின் ஆழம், செலவான ஆற்றல், மனத்தின் அழுத்தம் ஆகியன இவற்றிலிருந்து உய்த்துணரப்படுபவை. உய்த்துணர்வு நீள நீளப் பிழையும் பெருகும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், மணிக்கட்டுக் கருவிகள் ஏழினை 60 பேரிடம் சோதித்து 2017ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பிழையுடன் காட்டின. செலவான ஆற்றலைக் கணிப்பதிலோ, மிகச் சிறந்த கருவியே நூற்றுக்கு 27 அளவு பிழைத்தது. மிகக் கடையானது 93 அளவு பிழைத்தது. கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கை நம்பி உணவைக் கூட்டுவோரும் குறைப்போரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

பத்தாயிரம் அடிகள் என்னும் நம்பிக்கை

நாள்தோறும் பத்தாயிரம் அடிகள் நடக்க வேண்டும் என்பது இன்று பலரிடம் வேதவாக்குப் போலாகிவிட்டது. ஒன்பதாயிரத்து எண்ணூறில் நின்றுவிட்டால் இரவில் கூடத்திலேயே சுற்றிச்சுற்றி நடந்து கணக்கை முடிப்போரும் உளர். இவ்வெண் எங்கிருந்து வந்தது?

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளால் ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்தது. மறு ஆண்டு அந்நாட்டு நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவியைச் செய்து, 'பத்தாயிரம் அடி அளவி' எனப் பொருள்படும் 'மன்போ-கெய்' என்னும் பெயரில் விற்றது. விற்பனைக்கு இட்ட பெயரே பின்னாளில் மருத்துவ விதிபோல உலகெங்கும் பரவியது.

ஆய்வு சொல்வது வேறு. சராசரி 72 வயதுடைய 16,741 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவரைவிட 4,400 அடி நடந்தவரிடையே இறப்பு நூற்றுக்கு 41 அளவு குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நடந்ததனால் மேலும் குறைவு காணப்படவில்லை. இது முதிய மகளிரைப் பற்றிய ஆய்வு. எல்லார்க்கும் அப்படியே பொருந்தும் எனல் ஆகாது. ஆயினும் பத்தாயிரம் என்பது கடக்க வேண்டிய கோடன்று என்பது இதனால் விளங்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கின்றது. அதனைக் கணக்கிடச் சுவரில் தொங்கும் கடிகாரமே போதும். வைகறைத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து ஊர் எல்லை வரை நடந்து திரும்பும் பெரியவர், எந்தக் கருவியும் இன்றியே அவ்விதியை நிறைவேற்றுகின்றார்.

உறக்கத்திற்கும் மதிப்பெண்

உறக்கத்தை உள்ளபடி ஆராய்வதற்கு மருத்துவமனையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தல் வேண்டும். கடிகாரமோ அசைவையும் துடிப்பையும் கொண்டு உறக்கத்தை ஊகிக்கின்றது. காலையில் அதற்கொரு மதிப்பெண்ணும் இடுகின்றது. நன்றாக உறங்கி எழுந்தவரும் மதிப்பெண் குறைந்திருக்கக் கண்டால், தமக்கு ஏதோ குறை உண்டென்று கவலை கொள்கின்றனர். கவலை உறக்கத்தைக் கெடுக்கின்றது. கெட்ட உறக்கம் மதிப்பெண்ணை மேலும் குறைக்கின்றது. உறக்கத்தைக் கணக்கிடுவதனாலேயே விளையும் இத்தகைய தொல்லைக்கு 2017ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் 'ஆர்த்தோசோம்னியா' எனப் பெயரிட்டனர். தேர்வுக்கு முந்திய இரவில் ஏற்கெனவே கலங்கியிருக்கும் மாணவர்க்கு, இன்னொரு மதிப்பெண் பட்டியலும் வேண்டுமோ என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

இதயமும் அச்சமும்

கடிகாரம் உயிர் காக்கும் என்னும் விளம்பரத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, பக்கவாதத்திற்கு வழிகோலக்கூடியது. பலரிடம் வெளித்தோன்றாது மறைந்திருப்பது. இதனைக் கடிகாரத்தால் அறிய இயலுமா என்று 4,19,297 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவுகள் 2019ஆம் ஆண்டில் வெளியாயின. அவர்களுள் 2,161 பேர்க்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கினர்க்கு, கடிகாரம் எச்சரிக்கை தந்தது. எச்சரிக்கை பெற்று, மார்பில் ஒட்டும் பதிவுக் கருவியை அணிந்து திருப்பியளித்த 450 பேருள் நூற்றுக்கு 34 பேரிடம் அந்நோய் பதிவாயிற்று. விட்டுவிட்டு வரும் நோயாதலால், பதிவாகாத ஏனையோர்க்கு நோயே இல்லை என முடிவு கட்டவும் இயலாது.

இவ்வாய்வில் மாணவர் கருதத்தக்க எண் வேறொன்று உண்டு. 65 வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு மூவர் எச்சரிக்கை பெற, 40 வயதுக்கு உட்பட்டோருள் ஆயிரத்துக்கு இருவர்கூட அதனைப் பெறவில்லை. இதய நோயைக் கண்டறியவே வாங்குகின்றேன் என்று இருபது வயது இளைஞர் கூறுவாராயின், அக்காரணம் அவர்க்குப் பெரும்பாலும் பொருந்தாது.

முதியோர்க்கும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. மாரடைப்பைத் திறன் கடிகாரம் கண்டறியாது. இதனை ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாக அறிவித்துள்ளது. மார்பில் வலியும் வியர்வையும் தோன்றும் வேளையில், கடிகாரத்தைப் பார்த்து 'எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது' என்று அமைதியடைந்து காலம் தாழ்த்துவது உயிருக்கே கேடாகும். அவ்வேளையில் செய்யத்தக்கது 108ஐ அழைப்பதொன்றே.

சர்க்கரை நோயாளர்க்கும் ஓர் எச்சரிக்கை உரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிப் பேர்க்கு நீரிழிவு உண்டெனக் கணித்தது. இத்தகைய பெருஞ்சந்தையைக் கண்டு, தோலைத் துளைக்காமலேயே குருதிச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களும் மோதிரங்களும் விற்பனைக்கு வந்தன. அவ்வாறு தானே அளக்கும் எந்தக் கடிகாரத்திற்கும் மோதிரத்திற்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் எச்சரித்தது. அவை காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டினால், சர்க்கரை தாழ்ந்து உயிருக்கு இடர் நேரலாம். தோலில் நுண்ணூசி பதித்து அளக்கும் கருவியின் அளவைக் கடிகாரத் திரையில் காட்டுவது வேறு. கடிகாரமே அளப்பதாகச் சொல்வது வேறு. இவ்வேறுபாட்டை மகனோ மகளோ தம் பெற்றோர்க்கு விளக்கிச் சொல்லுதல் கடமையாகும்.

மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவார் என நான்கு கூறாக வகுத்தவர் வள்ளுவர். இந்நான்கனுள் எதன் இடத்தையும் கடிகாரம் நிரப்பாது. வேண்டுமாயின் நான்குக்கும் சிறு துணையாகலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. அங்குச் சென்று வர ஒரு முற்பகல் செலவாகும்; ஆனால் கிடைக்கும் அளவு நம்பத்தக்கது; அதனை விளக்க ஒரு மனிதரும் அங்கிருப்பார்.

யாருக்குத் தேவை?

கருவியே வேண்டா என்பது நம் கருத்தன்று. செவிப்புலன் குன்றியோர்க்கு, மணிக்கட்டில் எழும் அதிர்வே அழைப்பு மணியாகின்றது. தனித்து வாழும் முதியவர் கீழே விழுந்தால், உறவினர்க்கு அறிவிக்கும் வசதி பெரும் ஆறுதலாகும். இதய நோயாளியின் துடிப்பைத் தொடர்ந்து கவனிக்க மருத்துவரே பரிந்துரைத்தால், அது தக்க பயன்பாடு. நெடுந்தொலை ஓட்டப் பயிற்சி பெறும் வீரர்க்கும் துடிப்பின் அளவு உதவும். இவர்கள் யாவரிடத்தும் தேவை முன்னே நிற்கின்றது. கருவி அதன் பின்னே வருகின்றது. அவ்வாறு தேவை முன்னிற்காத இடத்தில், பக்கத்து இருக்கை மாணவரின் கையைப் பார்த்து எழும் ஆசையே தேவையின் வேடம் புனைந்து வருகின்றது.

வகுப்பறைக்கு இதனால் விளையும் நன்மையும் சிறிதே. பாடத்தின் நடுவே மணிக்கட்டு அதிரும். கண் அங்கே செல்லும். கருத்தும் உடன் செல்லும். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு வரும் கட்டுப்பாட்டையும் இக்கருவி பொருளற்றதாக்குகின்றது. மருத்துவப் படிப்பிற்கான நீட் தேர்வு போன்றவற்றில் கைக்கடிகாரத்திற்கே இடமில்லை என்பதையும் மாணவர் அறிவர்.

விலையும் வாழ்நாளும்

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கும் இக்கருவி கிடைக்கின்றது; ஐம்பதாயிரத்துக்கு மேலும் விற்கின்றது. மலிவானவற்றைக் குறித்து ஒன்று கூறலாம்: பெட்டியின் முகப்பில் நாடி, இரத்த அழுத்தம், உயிர்வளி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, 'இது மருத்துவக் கருவியன்று' என்று உள்ளே சிறிய எழுத்தில் அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. பெரிய எழுத்தை விற்பவர் காட்டுவார். சிறிய எழுத்தை வாங்குபவர்தாம் தேடிப் படித்தல் வேண்டும்.

விலையோடு வாழ்நாளையும் எண்ண வேண்டும். சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரத்தைத் தந்தை அணிந்து மகனுக்குத் தந்த வீடுகள் நம்மிடையே பல. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016ஆம் ஆண்டு அரசு ஒப்புதல் அளித்துவிட்ட பின்னரும், அதன் கடிகாரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. திறன் கடிகாரத்தின் மின்கலம் சில ஆண்டுகளில் தளரும். பெரும்பாலானவற்றில் அதனைத் தெருமுனைக் கடைக்காரர் எளிதாக மாற்ற இயலாது. மென்பொருள் புதுப்பிப்பும் ஒருநாள் நின்றுவிடும். பின்னர் அது மின்கழிவாகும். தேவைக்கு மேல் செலவிடுதலை 'இஸ்ராஃப்' என்று கடிந்து பேசும் நம் பெரியோர், இச்செலவையும் அவ்வளவுகோலால் அளந்து பார்ப்பது பொருந்தும். பாலைவன வெயிலில் உழைத்து அனுப்பப்படும் பணத்தில், ஒரு பருவத்திற்குரிய புத்தகங்களும் தேர்வுக் கட்டணமும் எவ்வளவு, கடிகாரம் எவ்வளவு என்று இருபுறமும் எழுதிப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

உடலின் கணக்கு யார் கையில்?

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத விலை. நம் துடிப்பும் உறக்கமும் நாம் செல்லும் வழியும் கடிகாரத்திலிருந்து கைப்பேசிக்கும், பல வேளைகளில் அங்கிருந்து நிறுவனத்தின் கணிப்பொறிக்கும் செல்கின்றன. ஸ்டிராவா என்னும் உடற்பயிற்சிச் செயலி, தன் பயனாளர் ஓடிய வழிகளையெல்லாம் சேர்த்து 2017ஆம் ஆண்டு உலகப்படம் ஒன்று வெளியிட்டது. படைவீரர் நாள்தோறும் ஓடிய தடங்கள் அப்படத்தில் ஒளிர்ந்தமையால், பாலைவனங்களில் இருந்த படைத்தளங்களின் அமைப்பே வெளிப்பட்டுவிட்டது என்பது 2018ஆம் ஆண்டு சனவரியில் தெரியவந்தது. ஒருவர் தனியே தந்த சிறு செய்தி, பலருடைய செய்தியோடு சேரும்போது எதிர்பாராத மறையை வெளியிடும் என்பதற்கு இது சான்று. ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகுள் 2021ஆம் ஆண்டு சனவரியில் தனதாக்கியபோது, அதன் உடல்நலத் தகவல்களை ஐரோப்பியப் பயனாளர்க்கான விளம்பரத்திற்குப் பத்தாண்டுகள் பயன்படுத்தலாகாது என்னும் கட்டுப்பாட்டின் பேரிலேயே ஐரோப்பிய ஆணையம் இசைந்தது. தகவலுக்கு விலை உண்டு என்பதை அந்தக் கட்டுப்பாடே சொல்கின்றது. நம் நாட்டிலும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆனால் எந்தச் சட்டமும், படிக்காமலே 'ஒப்புகிறேன்' என்று அழுத்தும் விரலுக்கு முழுக் காவலாகாது.

வாங்குமுன் எண்ணுக

வாங்க விழைவோர் தம்மையே நான்கு வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம். ஒன்று, இக்கருவி வருமுன் எனக்கு இருந்த குறை யாது? இரண்டு, அக்குறையை மருத்துவரோ, கையிலுள்ள கைப்பேசியோ, எளிய கடிகாரமோ தீர்க்காதா? மூன்று, இது காட்டும் எண்ணை அறிந்தபின் நான் செய்யப்போவது என்ன? நான்கு, இதன் விலையில் என் வீட்டில் காத்திருக்கும் வேறு செலவு எது? மூன்றாம் வினாவே முதன்மையானது. செயலுக்கு இட்டுச் செல்லாத எண், அறிவாகாது. வெறும் வேடிக்கையாகவோ கவலையாகவோ எஞ்சும். நான்கிற்கும் தெளிவான விடை உடையவர் தயங்காது வாங்கலாம். விடை இல்லாதவர் ஆறு திங்கள் காத்திருக்கலாம். ஆசையாயின் அதற்குள் தணியும். தேவையாயின் அப்போதும் நிற்கும்.

நிறைவுரை

நீர்க்கடிகை முதல் திறன் கடிகாரம் வரை, மனிதன் செய்த கருவிகள் யாவும் அவன் அறிவின் பெருமையைப் பறைசாற்றுவன. அவற்றை வெறுத்தல் அறிவுடைமையன்று. ஆராயாமல் ஏற்றலும் அறிவுடைமையன்று. நடப்பதற்குக் காலும், உறங்குவதற்கு அமைதியான மனமும், நோயுற்றபோது நாடுவதற்கு நல்ல மருத்துவரும் வேண்டும். இவை உடையார்க்குக் கடிகாரம் மிகை; இல்லார்க்குக் கடிகாரத்தால் இவை வாரா. விடுப்பில் வரும் மகன் வாப்பாவின் மணிக்கட்டில் கருவியைக் கட்டுவதோடு நில்லாமல், அவரை ஒருநாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மாலையில் அவரோடு சிறிது தூரம் நடந்தும் வருவானாயின், அவ்வன்பளிப்பு முழுமை பெறும்.